ஃபேன் சத்தம்: அடுப்பிலிருந்து தொடங்குவோம்

மேசைக் கணினியின் ஃபேன் இரைகிறதென்றால் உடனே புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள். கணினிப் பெட்டியை ஒரு சமையலறையாக நினைத்துப் பாருங்கள். அடுப்பு எங்கே எரிகிறது, காற்று எந்த வழியாக வருகிறது, புகை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுப்பு, ப்ராசஸர். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட் சிங்க், பாத்திரம். சூட்டை வாங்கித் தன் தகடுகளில் பரப்பிக்கொள்ளும். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை தெர்மல் பேஸ்ட் நிரப்புகிறது. தகடுகளுக்குள் ஒரு ஃபேன் காற்றை ஊதுகிறது. கேபினெட்டின் பின்பக்க ஃபேன்தான் புகைபோக்கி. மதர்போர்டு சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறினால் ஃபேனை முடுக்கும், இறங்கினால் தணிக்கும்.

ஜன்னலையும் கதவையும் அடைத்த சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் புகை போகாது. உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும்? கேரளத்தின் அட்டப்பாடியில் உள்ள அகளியில் பல பெட்டிகளின் நிலை இதுதான். கிழக்கு அட்டப்பாடி மழை மறைவுப் பகுதி. கோடையில் புழுதி, தென்மேற்குப் பருவத்தில் விடாத காற்று. மலைமேல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றுதான். ரோட்டோரம் ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையிலும் அக்ஷயா இ-சேவை மையத்திலும் கணினி காலை முதல் மாலை வரை ஓடுகிறது. முன்பக்கச் சல்லடையிலும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவிலும் தூசி கம்பளிபோல் படிந்துவிடும். போதாததற்குப் பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளி வைக்கிறோம். வெளியே வந்த சூடான காற்றே திரும்ப உள்ளே போகிறது.

அப்போது ஃபேன் வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யும்? சத்தம் இங்கேதான் பிறக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றும் ஏறத்தாழ இரட்டிக்கும். சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறிவிடும். பத்து டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். அதே ரக ஃபேன் இன்னொன்றை அதே வேகத்தில் பக்கத்தில் ஓட்டினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே ஒரு ஃபேன் முழு வேகத்தில் அலறுவதைவிட, இரண்டு ஃபேன்கள் பாதி வேகத்தில் சுற்றுவது மிக அமைதியானது. காற்று ஏறக்குறைய அதே அளவு. 80 மில்லிமீட்டர் ஃபேனுக்குப் பதில் 120 மில்லிமீட்டர் ஃபேன் போடச் சொல்வதற்கும் காரணம் இதுவே: பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும்.

எனவே முதலில் சுத்தம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், பக்கக் கதவைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் தூசியை எடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால், பல வருடம் ஓடிய பெட்டியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் வையுங்கள், அப்பிவிட வேண்டாம்.

அடுத்தது பயாஸ், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரை. பால் ஒரு நொடி பொங்கியதும் நாம் ஓடுகிற மாதிரி, ஒரு இணையப் பக்கம் திறந்தாலே முடுக்கிக்கொள்ளும்படி பல போர்டுகளில் ஃபேன் அமைப்பு இருக்கும். 60 டிகிரி வரை மெதுவாகச் சுற்றினால் போதும் என்று மாற்றுங்கள். பயப்பட வேண்டாம்: பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதுதான் தற்காப்புக்காகத் தாமே வேகத்தைக் குறைக்கின்றன. கேரளப் பள்ளிகளில் ஓடும் லினக்ஸில் ‘சென்சர்ஸ்’ கருவி நிறுவப்பட்டிருந்தால் அந்தக் கட்டளை ப்ராசஸரின் சூட்டைக் காட்டும். அமைப்பை மாற்றிய பிறகு கணினிக்கு வேலை கொடுத்துச் சூட்டைப் பாருங்கள்.

காற்று இரைச்சல் இல்லாமல் கரகரவென்று கேட்டால் அது பேரிங். எண்ணெய் விட்டால் சில வாரம் அடங்கும். ஆனால் புது ஃபேன்தான் தீர்வு. டிக் டிக் என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. பெட்டி முழுவதும் அதிர்ந்தால் திருகுகளை முறுக்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த ஃபேன் கத்தினால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.