கோர்ட்டு அழிக்கச் சொன்ன பேய்!

பிரிட்டனில், கிராம மண்டபங்களில் ஊரார் கூடித் திரை கட்டிப் படம் பார்ப்பது உண்டு. அப்படிப் பார்க்கும் பேய்ப் படங்களில் ஒன்று "நாஸ்பெராட்டு". இரத்தம் குடிக்கும் பிரபுவின் கதை!

முதலில் இது ஊமைப்படம். 1922-ல் ஜெர்மனியில் முர்னோ எடுத்தார். "டிராகுலா" நாவலின் கதைதான். ஆனால் அனுமதி வாங்கவில்லை! நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர் இறந்துவிட்டார். அவர் மனைவி வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி 1925-ல் தீர்ப்பானது. அந்த அம்மாள் கேட்டது நியாயம்தானே? ஆனால் சில பிரதிகள் வெளிநாடுகளில் தப்பிவிட்டன.

அந்தப் படத்தையே 1979-ல் வெர்னர் ஹெர்சாக் மறுபடியும் எடுத்தார். கிளாஸ் கின்ஸ்கி மொட்டைத் தலையும் கூரிய பல்லுமாக வந்தார். ஊருக்குள் கொள்ளைநோய் பரப்ப ஆயிரக்கணக்கான எலிகள்! நெதர்லாந்தில் டெல்ப்ட் நகரத்தார் எலிகளை விடச் சம்மதிக்கவில்லை. ஸ்கீடாம் என்ற ஊரில் விட்டுப் படம் பிடித்தார்கள். அத்தனையும் வெள்ளை எலிகள். சாம்பல் நிறச் சாயம் பூசினார்கள்! மண்டபத்தில் அந்தக் காட்சி வரும்போது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வது நல்லது!