சம்பளத்தைச் சொல்லாமலே ஒரு கணக்கு

"உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் நாம் வாயைத் திறப்போமா? கம்பெனிகளும் அப்படித்தான். ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு குறைச்சல் என்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பெண்கள் கவுன்சில் கணக்கெடுக்கக் கிளம்பியது. சம்பள ஏட்டை யார் காட்டுவார்கள்?

பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் வழி சொன்னார்கள். தொகை 500 என்றால், கம்ப்யூட்டர் ஏதோ ஓர் எண்ணை, 8,213 என்று வையுங்களேன், கூட்டி 8,713 என்று பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அந்த 8,213 சங்கேதத்தில் பூட்டப்பட்டு கவுன்சிலுக்குப் போகும். இவர்களுக்கும் நிஜத் தொகை தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டி, மொத்தத்திலிருந்து மொத்தத்தைக் கழித்தால் ஊர்க்கணக்கு மட்டும் வரும். சீட்டுக் கணக்குப் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன!

2016-ல் 69 கம்பெனிகள் இப்படிக் கணக்குக் கொடுத்தன. ஆண் ஒரு டாலர் வாங்கினால் பெண்ணுக்கு 77 சென்ட்தானாம்.