‘கரண்ட்’ வைத்தால் குரல் போய்விடுமா?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவருக்குத் தொண்டை கம்மினால், டாக்டர் ஞாபகம் கடைசியில்தான் வரும். முதலில் மிளகுப் பால். அப்புறம் பனங்கற்கண்டு. அதுவும் கேட்காவிட்டால், ‘தண்ணி மாறிடுச்சு, பனி ஒத்துக்கலை’ என்று காவிரி மேலும் மார்கழி மேலும் பழி! சட்டைப் பையில் இருக்கிற சிகரெட் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகமே வராது.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் போனால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அது கான்ஸராக இருக்காது. அப்படியே இருந்தாலும், குரல் நாணில் வரும் கான்ஸர் ஒரு அவசரக்குடுக்கை. கடுகளவு இருக்கும்போதே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் ரொம்பக் குறைவு என்பதால் சட்டென்று பரவவும் பரவாது. முதல் கட்டத்திலேயே கதிர்வீச்சு கொடுத்தால் பத்தில் சுமார் ஒன்பது பேருக்கு நோய் அங்கேயே அடங்கிவிடுகிறது. குரலும் மிஞ்சுகிறது. முற்றவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். பிறகு மூச்சு விடுவது கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான்.

ஜெர்மனிச் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெடரிக்குக்கு 1887-ல் குரல் கம்மியது. கான்ஸரா இல்லையா என்று டாக்டர்களுக்குள் ஒரே சண்டை. 1888-ல் பட்டத்துக்கு வந்தபோது அவரால் பேசவே முடியவில்லை. 99 நாள் ஆண்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான்; பாவம்!

நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியில் 1954-ல் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-லேயே கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் ‘கரண்ட்’. ஷாக் அடிக்குமோ என்று நடுங்குகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அடிக்காது ஸார்! முகம், கழுத்து அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, தலை அசையாமல் படுக்க வைப்பார்கள். சில நிமிஷம்தான். வலியே தெரியாது. எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தரை முதல் ஏழு வாரம் வரை. டெல்டாக்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். மூன்றாவது வாரம் தொண்டை எரியும், சோறு இறங்காது, குரல் முன்னைவிட மோசமாகும். ‘கரண்ட் வச்சுக் கெடுத்துட்டாங்க’ என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து வயலில் அறுப்பும் வந்துவிடும். ‘ரெண்டு வாரம் கழிச்சு வரேன் டாக்டர்’ என்று கிளம்பினால் போச்சு. களையைப் பாதி பறித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்த கதை. மிச்சமிருக்கும் கான்ஸர் செல்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகும். அறுப்பை மச்சான் பார்த்துக்கொள்ளட்டும்! சிகரெட்டைத் தொடர்ந்தாலும் பலன் குறையும்.

சிலருக்கு ஒரே நாளில் லேசர் ஆபரேஷனும் உண்டு. எது தோது என்று டாக்டர் சொல்வார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு; கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சிகிச்சை முடிந்த மறுநாளே குரல் வந்துவிடாது. புண் ஆறச் சில வாரம் ஆகும். அதுவரை டீக்கடையில் அரசியல் பேசாமல் இருப்பதுதான் பலருக்கும் கஷ்டம்.