மணலில் எழுதிய முதலெழுத்து

இளமையிற் கற்றது கல்லிற் பொறித்த எழுத்தைப்போல் அழியாது நிற்கும் என்று நம் பெரியோர் கூறுவதை யாவரும் அறிவர். ஆயினும் அக்கல்வியின் முதலெழுத்து நம் நாட்டிற் கல்லில் எழுதப்பட்டதன்று, மணலில் எழுதப்பட்டதாகும். திண்ணைப் பள்ளிக்கூடத்திற் சேர்ந்த சிறு பிள்ளை, தரையிற் பரப்பிய மணலில் தன் விரலால் எழுத்தை வரைந்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லிக் கற்றது. எழுத்துக் கைவந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதற்குக் கொடுக்கப்பட்டன. இந்த எளிய மணலினின்று கடல் கடந்து வந்த கிறிஸ்தவ ஊழியர் கற்றுக்கொண்டது யாது என்பதையும், அது ஆப்பிரிக்கா வரையிற் சென்ற வரலாற்றையும், அதனால் நாம் அறியத்தக்கது இன்னதென்பதையும் இக்கட்டுரையிற் சுருக்கமாய் எடுத்துரைப்போம்.

டென்மார்க்கு தேசத்து அரசர் நான்காம் பிரெடெரிக்கு அனுப்பிய சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு ஐயர்க்கு அப்பொழுது வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. ஜெர்மனி தேசத்தில் ஹாலே என்னும் நகரத்திற் பயின்றவர் அவர். ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகட்கும் கல்வி அளித்தல் திருச்சபையின் கடமை என்பதை அங்குப் பிராங்கே என்னும் பேராசிரியர் நடத்திய அநாதைச் சாலையில் அவர் கண்ணாரக் கண்டிருந்தார். ஆனால் கற்பிக்க வந்தவர்க்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் செய்தது யாதெனில், வயது முதிர்ந்த தமிழ் உபாத்தியாயர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளிக்கூடத்தைத் தம் இல்லத்திலேயே நடத்தும்படி வேண்டிக்கொண்டார். பின்னர்ச் சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே விரலால் மணலில் எழுதிப் பழகினார். பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து எழுதினார். அவர்கள் சொல்லியதைக் கேட்டுச் சொன்னார்.

இங்ஙனம் மாணவராய்த் தொடங்கியவரே பின்னர்ப் பள்ளிகளை நிறுவினார். 1707 முதல் தரங்கம்பாடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென அவர் நடத்திய பாடசாலைகளிற் சிறுவரும் சிறுமியரும் கல்வி கற்றனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கப்பட்டன. பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவ்வூழியர் நன்குணர்ந்திருந்தனர். பாடம் தமிழிலேயே நடந்தது. தமிழில் அச்சிட்ட நூல்களும் அப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் வண்ணம் அச்சுக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சிட்டு முடிந்தது. சீகன்பால்கு ஐயர் 1719-ல் தம் முப்பத்தாறாவது வயதிலேயே காலமானார். அவர் தொடங்கிய கல்விப் பணியோ அவர்க்குப் பின்னும் தொடர்ந்து நடந்தது.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின், அதே மணல் சென்னையில் வேறொருவர் கண்ணிற் பட்டது. ஸ்காத்லாந்து தேசத்தினரும் கும்பினியாரின் குருவுமாகிய ஆந்திரு பெல் என்பார், 1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சாலையின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் போர்வீரரின் புதல்வர்கள் அங்கு வளர்ந்தனர். அரிச்சுவடி கற்கும் சிறு பிள்ளைகள் நாள் முழுவதும் வீணே அமர்ந்திருப்பதைக் கண்டு பெல் வருந்தினார். ஒருநாட் காலை அவர் குதிரைமீது செல்லும்பொழுது, நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். உடனே திரும்பிவந்து, தம் சாலையிலும் அங்ஙனமே கற்பிக்குமாறு துணை உபாத்தியாயரிடம் கூறினார். அவர்களோ இஃது ஆகாத காரியம் என்றனர். பெல் மனந்தளரவில்லை, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, தன்னினும் இளையவர்க்கு எழுத்துக் கற்பிக்கும்படி செய்தார். பெரியவர்கள் ஆகாதென்றதை அச்சிறுவன் ஆக்கிக் காட்டினான்.

மணலைத் தாம் திண்ணைப் பள்ளியிற் கண்டதாகப் பெல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மாணவனைக்கொண்டு மாணவனைப் பயிற்றுவிக்கும் முறையையோ தம்முடைய கண்டுபிடிப்பென்றே கருதினார். நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையவரைப் பயிற்றும் வழக்கம் நெடுங்காலமாய் இருந்ததை அறிந்தவர்கள், இவ்விரண்டும் ஒரே திண்ணையில் தோன்றியவை என்பதை எளிதில் உணர்வர்.

1796-ல் இந்தியாவை விட்டுச் சென்ற பெல், மறு ஆண்டில் இலண்டனில் இம்முறையைக் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென நிறுவிய தேசிய சங்கம் அம்முறையையே கைக்கொண்டது. இங்கிலாந்தின் ஏழைச் சிறுவரும் மணற்றட்டில் விரலால் எழுதிப் பழகினர். அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று. பெல் விட்டுச்சென்ற பொருளால் அவர் பிறந்த ஊராகிய செயின்ட் ஆந்திரூசில் 1833-ல் திறக்கப்பட்ட பள்ளி, இன்றும் நம் நகரத்தின் பழம்பெயராகிய 'மதராஸ்' என்பதையே தாங்கி நிற்கிறது.

இங்கிலாந்திலிருந்து அம்முறை மிஷனெரிமாரோடு ஆப்பிரிக்காவிற்குச் சென்றது. 1807-ல் ஆங்கிலேயர் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் விலக்கிய பின்பு, அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியெரா லியோனிற் குடியேற்றப்பட்டனர். தாய் தந்தையரைப் பிரிந்த பிள்ளைகள் அவர்களுட் பலர். அவர்கட்குத் திருச்சபை ஊழியர் பள்ளிகளை ஏற்படுத்தினர். அங்ஙனம் 1822-ல் கரையேறிய சாமுவேல் குரௌதர் என்னும் சிறுவர் அங்கு எழுத்துக் கற்று, விரைவிலேயே தம் தோழர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளையாய் விளங்கினார். 1864-ல் அத்தியட்சராகவும் அபிஷேகம் பெற்றார். தம் மக்களின் யோருபா மொழியில் வேதத்தை மொழிபெயர்க்கும் பணியில் முன்னின்றவரும் அவரே.

அந்நாட்டிற் பணியாற்றிய ஹன்னா கில்காம் என்னும் மாதரசியை இங்கு மறத்தலாகாது. குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், அறியாத ஆங்கிலத்திற் பிள்ளைக்குப் பாடம் தொடங்குவது வீண்சுமை என்றும், தாய்மொழியிலேயே தொடங்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். அதற்காக 1823-ல் வோலோப் மொழியிற் பாட நூல் அச்சிட்டார்; 1828-ல் சியெரா லியோனில் வழங்கிய பல மொழிகளின் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். பள்ளி ஒன்றை நடத்திவந்த அவர் 1832-ல் கடற்பயணத்திலேயே உயிர்நீத்தார். மணலில் அமர்ந்து சீகன்பால்கு ஐயர் கண்ட உண்மையையே இவ்வம்மையார் வேறொரு கடற்கரையிற் கண்டார் எனல் பொருந்தும்.

இனி, மணலின் சிறப்பு யாதெனச் சிறிது ஆராய்வோம். மணலுக்கு விலையில்லை, ஆதலால் ஏழைக்கும் அது எட்டும். எழுத்தை வரையும்பொழுது கையும் கண்ணும் நாவும் செவியும் ஒருங்கே தொழிற்படுகின்றன. ஆதலால் மனத்திற் பதிகிறது. எல்லாவற்றினும் மேலாக, மணலிற் செய்த பிழையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் அது மறைந்துபோம். ஆதலால் பிள்ளைக்குப் பிழையைக் குறித்த அச்சமில்லை. 1939-ல் அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாந்தெசோரி அம்மையார், சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்கும்படி செய்ததும் இவ்வுண்மையைத் தழுவியதே.

ஆனால் நல்ல முறையும் கருத்தற்றவர் கையிற் கெடும். இங்கிலாந்தில் ஒரே உபாத்தியாயரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பயிற்றலாம் என்னும் செலவுச் சிக்கனத்தையே பலர் பெரிதாகக் கொண்டனர். கற்பித்தல் இயந்திரம்போல் ஆயிற்று. சிறுவர் பொருளறியாது ஒப்பிக்கத் தலைப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அம்முறை வழக்கொழிந்தது. மணலை எடுத்துச் சென்றவர்கள் திண்ணையை எடுத்துச் செல்லவில்லை. அஃதாவது, பிள்ளையின் அருகே அமர்ந்து அதன் முகத்தை நோக்கும் உபாத்தியாயரை விட்டுவிட்டனர்.

இவற்றையெல்லாம் இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையிலுள்ள செம்பாக்கம், ஏரிப்பாசனத்தை நம்பிய சிற்றூராய் இருந்து, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்து, இன்று வீடுகள் நெருங்கிய புறநகராய் விளங்குகிறது. அங்கு மாலைவேளையில் நடப்போர், மூன்று வயது நிரம்பாத குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளின் பலகைகளைக் காணலாம். வீட்டிற் பேசாத மொழியில், விரல் வலுப்பெறுமுன்னரே, கோடிட்ட ஏட்டிற் பென்சிலால் எழுதுமாறு எத்தனையோ குழந்தைகள் வற்புறுத்தப்படுகின்றன. பெற்றோரை நாம் குறைகூறுதல் தகாது. தாம் பெறாத வாழ்வைத் தம் பிள்ளை பெறவேண்டும் என்னும் ஆவலே அவர்களை அங்ஙனம் செலுத்துகிறது. ஆயினும் அந்த ஆவலின் சுமை முழுவதும் ஒரு சிறு விரலின் மேல் ஏறுகிறது என்பதை யார் அவர்கட்கு எடுத்துச் சொல்லுவார்?

நம் மாணவருட் பலர் ஓய்வுநாட் பள்ளிகளிலும் மாலை வகுப்புகளிலும் சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். 1975-ல் தொடங்கிய திட்டத்தின்படி ஏழைக் குழந்தைகட்கு உணவும் பாலர் கல்வியும் அளித்துவரும் அங்கன்வாடிகள் நம் சுற்றுப்புறத்திலும் உள்ளன. அவற்றிற்குச் செல்லும் நண்பர்கள் நாற்காலியைத் தேடாது தரையில் அமர்வாராக. குழந்தை பேசும் சொல்லை முதலிற் கேட்பாராக. அது பிழை செய்யும்பொழுது, கையால் மணலைத் தடவி மீண்டும் எழுதச் செய்த பழைய உபாத்தியாயரை நினைவுகூர்வாராக. பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த சீகன்பால்கு ஐயர் முதலில் அவர்களிடம் கற்றார். அவ்வரிசையை மாற்றாதவரையிற் பாலர் கல்வி செழிக்கும்; மணலில் எழுதிய எழுத்தும் கல்லில் எழுதியதாகவே நிலைபெறும்.