மின்சாரம் எங்கே நின்றுவிட்டது?

தேனி ஜில்லாவில், போடி மலைச்சாரலில் உள்ள பொட்டிப்புரத்தின் பெயரைப் பத்திரிகை படிப்போர் அறிவார்கள். அங்கே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரி சபை 2015-ஆம் வருஷம் ஜனவரியில் சம்மதமளித்தது. அதைப் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்கள் நாடறிந்தவை. அவற்றுள் நாம் இங்கு புகவில்லை. அத்தகைய கிராமங்களின் வீடுகளுக்குள் அதற்கு முன்பே அடியெடுத்து வைத்துவிட்ட மற்றொரு விஞ்ஞானக் கருவியைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். அதுதான் மடிக்கணினி.

2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசாங்கம் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. விளக்கு அணைந்த பின்பும் திரை ஒளிர்ந்ததென்றால் அது பாட்டரியின் உபகாரம். அந்தப் பாட்டரி கைவிட்டதும் கணினி பரணுக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பில் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடுகிறது. பரணில் கிடப்பவை எல்லாம் உண்மையிலேயே உயிரிழந்தவைதாமா? சார்ஜரில் இருக்கும் கோளாறுக்காகப் பாட்டரியை மாற்றிவிட்டு, பணத்தையும் இழந்து பலனும் காணாதவர்கள் பலர்.

ஆகையால் மின்சாரம் வருகிற வழியே நாமும் படிப்படியாக நடந்து, அது எங்கே நின்றுவிட்டது என்று பார்க்கவேண்டும்.

முதற்படி சுவர். அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைப் பொருத்திப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் கணினியின்மேல் குற்றமில்லை. இரண்டாவது, சுவருக்கும் சார்ஜர் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பி. பெரும்பாலான சார்ஜர்களில் இதைத் தனியே கழற்றி மாற்றலாம். மூன்றாவது, சார்ஜர் பெட்டி. வீட்டில் வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை ஏறக்குறைய 19 வோல்ட் நேர்மின்சாரமாகக் குறைத்துத் தருவது இதன் வேலை. சிறு விளக்கு உள்ள சார்ஜரானால் அது எரிகிறதா என்று கவனிக்கவும். முனையருகே கம்பி மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருப்பது மிகச் சாதாரணமான கோளாறு. அங்கே அசைக்கும்போது மின்சாரம் வந்து வந்து போனால் காரணம் தெரிந்துவிட்டது. கருகல் நாற்றம் வீசினால் உடனே அதை விலக்கிவிட வேண்டும். நான்காவது, முனை சென்று பொருந்தும் துவாரம். அது ஆட்டம் கண்டிருந்தால் பழுது பார்ப்பவரிடம்தான் போகவேண்டும்.

இவை யாவும் சரியாயிருந்தும் கணினி விழிக்கவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரி கழற்றக்கூடியதாயின் அதையும் கழற்றி, ஸ்விட்சை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பாருங்கள். பாட்டரியின்றி ஓடி, பாட்டரி சேர்ந்ததும் தடைப்பட்டால் பழுது பெரும்பாலும் பாட்டரியில்தான். 80 சதவிகிதத்தோடு ஏற்றம் நின்றுவிடுவது மட்டும் பழுதன்று. ஆயுள் நீடிக்கவேண்டிக் கணினியிலேயே செய்துள்ள ஏற்பாடாக அது இருக்கலாம்.

பாட்டரிக்கும் முதுமை உண்டு. 1991-இல் ஸோனி கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த லிதியம் அயனி வகையே இன்று மடிக்கணினிகளில் உள்ளது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூவருக்கு 2019-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. நம் காரைக்குடியில் 1948-இல் அஸ்திவாரமிடப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்தாரும் பாட்டரிகளை ஆராய்ந்து வருகிறார்கள். மின்சாரம் ஏற்றும்போது லிதியம் அயனிகள் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்கின்றன, உபயோகிக்கும்போது திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு வழியில் சிக்கிக்கொள்கிறது. உஷ்ணம் இந்த நஷ்டத்தை விரைவுபடுத்தும். சித்திரை வெயிலில் மெத்தைமேல் வைத்துக் கணினியை ஓட்டுவது நல்லதல்ல. நெடுநாள் எடுத்துவைப்பதானால் முழுதும் ஏற்றியோ முழுதும் வடித்தோ வைக்காமல், பாதியளவு ஏற்றி நிழலில் வைக்கவேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் சோதனை வேண்டாம். கணினியின் அடிப்பாகம் புடைத்தாலும், விரலால் தடவும் பலகை மேலெழும்பினாலும், மூடி பொருந்தாமற்போனாலும், உள்ளே பாட்டரி வீங்கியிருக்கிறதென்று கொள்க. மின்சாரத்தை நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும் அபாயம் உண்டு. குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்து, தகுந்தவரிடம் சேர்ப்பியுங்கள். பழைய பாட்டரியைக் குப்பையில் எறிவதும் தகாது. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் வருஷத்து விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன.

புதுச் சார்ஜர் வாங்கும்போது பழையதன் முகத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அதே அளவாக இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. முனையின் வடிவமும், நேர் எதிர் குறிகளும் ஒத்திருத்தல் அவசியம். ஐப்பசி மாதத்து இடிமின்னலின்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதும் செலவில்லாத காவல்.

கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களிலிருந்து போடிக்கோ தேனிக்கோ பஸ் ஏறுமுன் இந்தச் சோதனைகளை வீட்டுப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். கண்டதை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளட்டும். "கணினி ஓடவில்லை" என்று மட்டும் சொல்பவர் கடைக்காரர் கேட்பதைக் கொடுக்க நேரிடும். "சார்ஜரில் விளக்கு எரிகிறது, முனையை அசைத்தால்தான் மின்சாரம் ஏறுகிறது" என்று சொல்பவரோ, தேவையானதை மட்டும் செய்துகொண்டு அன்றைக்கே ஊர் திரும்பலாம்.