செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவி விளக்கம்

கருவி விளக்கம் என்பது, ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், எப்போது பயன்படும், அதற்கு என்ன உள்ளீடு தர வேண்டும் என்பவற்றைச் செயற்கை நுண்ணறிவு முகவருக்கு எளிய மொழியில் கூறும் குறிப்பாகும். நோஷன், ஆப்சிடியன் போன்ற குறிப்பேட்டு மென்பொருள்களுடன் முகவரை இணைக்கும்போது, எந்தக் கருவியை அழைப்பது என்பதை மொழி மாதிரி பெரும்பாலும் இக்குறிப்பைப் படித்தே முடிவு செய்கிறது. கருவியின் உள்ளே இருக்கும் நிரலை அது பொதுவாகப் பார்ப்பதில்லை.

அமைப்பு

இத்தகைய இணைப்புக்கென ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்.சி.பி. என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகியவை தரப்படும்.

தமிழ்க் குறிப்புகளில் தேடல்

திருவண்ணாமலை மாணவர் ஒருவர் கட்டுரை எழுதுவதற்காகக் குறிப்புகள் சேர்த்துள்ளார் எனக் கொள்வோம். ஒன்றில் "கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ." என்றும், மற்றொன்றில் "கிரிவலத்திற்கு உகந்த நாள் பௌர்ணமி" என்றும் உள்ளன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவியில் "கிரிவலம்" எனத் தேடினால் இரண்டுமே கிடைக்கா. சொல்லின் இறுதியிலுள்ள "ம்", உருபு ஏற்கும்போதும் புணர்ச்சியிலும் மாறிவிடுவதே காரணம். முகவரோ "குறிப்பு எதுவும் இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடக்கூடும்.

தெளிவற்ற விளக்கம்: "குறிப்புகளைத் தேடும்."

தெளிவான விளக்கம்: "குறிப்புகளின் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் தரப்பட்ட எழுத்துத்தொடரை அப்படியே தேடும். தமிழ்ச் சொற்களுக்கு மாறாத பகுதியை மட்டும் தருக, எ.கா. 'கிரிவல'. முடிவு கிடைக்காவிடில் வேறு வடிவத்தில் மீண்டும் தேடுக. எதையும் மாற்றாது."

மாற்றும் கருவிகள்

"குறிப்பைப் புதுப்பிக்கும்" என்ற தொடர் இரு பொருள் தரும். புதிய வரி பழைய குறிப்பின் இறுதியில் சேருமா, பழையது முழுவதும் நீங்கிப் புதியது மட்டும் நிற்குமா என்பது தெரியாது. தவறாகப் புரிந்துகொண்டால் ஓராண்டு உழைப்பும் அழியலாம். எனவே "இறுதியில் சேர்க்கும்", "முழுவதையும் மாற்றும்" என இரு கருவிகளாகப் பிரித்து, மீட்க முடியுமா என்பதையும் எழுதுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை

• பெயர் செயலைக் குறிக்க வேண்டும்.
• நாளை எழுதும் முறையைச் சுட்ட வேண்டும். 03-04-2025 என்பது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் கொள்ளப்படலாம்.
• ஒத்த கருவிகள் இருப்பின், எதை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதும் இடம்பெற வேண்டும்.
• ஓர் எடுத்துக்காட்டு தர வேண்டும்.

வரம்பு

விளக்கம் வழிகாட்டுமே தவிரத் தடுக்காது. "அழிக்காதே" என எழுதுவது பூட்டு ஆகாது. அழிக்கும் முன் பயனரின் ஒப்புதல் கேட்பதும் காப்புப்படி வைப்பதும் மென்பொருளிலேயே அமைய வேண்டும். விளக்கத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: மென்பொருளை அறியாத ஒருவரிடம் அதை மட்டும் படிக்கக் கொடுத்து, கருவி என்ன செய்யும் எனக் கேட்க வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் முகவரும் தடுமாற வாய்ப்புண்டு.