சதுரங்கப் பலகையில் மனிதனும் கணிப்பொறியும்

மனிதன் தான் படைத்த கருவியிடம் தோற்பது புதிதன்று. விரைவில் மிதிவண்டியிடமும், சுமை தூக்குவதில் கிரேனிடமும் அவன் தோற்றுப் பல காலம் ஆயிற்று. அதற்காக அவன் வருந்தியதில்லை. ஆனால், அறிவுக்கே உரியதென்று போற்றிய சதுரங்கத்தில் தோற்றபோது உலகமே திகைத்தது. இன்று சதுரங்கத்தில் மனிதனைவிடக் கணிப்பொறி வலியது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வலியது? அதை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல்வியின் வரலாறு

1968-இல் ஸ்காட்லாந்தின் சாம்பியனான டேவிட் லெவி, பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் கணிப்பொறியும் போட்டியில் தம்மை வெல்லாது என்று பந்தயம் கட்டினார். 1978-இல் பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். எனினும், அப்போட்டியில் ஓர் ஆட்டத்தை 'செஸ் 4.7' என்னும் நிரலிடம் இழந்தார். வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

1996-இல் பிலடெல்பியா நகரில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறியை 4-2 என்ற கணக்கில் வென்றார். மறு ஆண்டே நியூயார்க்கில் அதனிடம் 2½-3½ என்று தோற்றார். அக்கணிப்பொறி ஒரு வினாடியில் ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய வல்லது! ஆயினும் போர் அத்துடன் முடியவில்லை. 2002-இல் பஹ்ரைனில் கிராம்னிக், 'டீப் பிரிட்ஸ்' நிரலுடன் 4-4 எனச் சமன் செய்தார். 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் அதே பெயருடைய நிரலின் புதிய வடிவிடம் 2-4 என வீழ்ந்தார். அதில் ஓர் ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே தம் ராஜா மாட்டிக்கொள்வதை உலகச் சாம்பியனாகிய அவர் கவனியாது விட்டார். களைப்பும் கவனக்குறைவும் மனிதனுக்கு உண்டு, இயந்திரத்திற்கு இல்லை. அதன்பின் சம நிலையில் நிகழும் இத்தகைய போட்டிகள் அருகிப் போயின.

எண்கள் சொல்வது என்ன?

வீரர்களின் வலிமையைக் குறிக்கும் தரப்புள்ளி முறையை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாட் எலோ. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் இதனை ஏற்றது. இருவரிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளி பெறுவார். 400 இருந்தால் பதினொன்றில் பத்துப் பெறுவார் என்பது இதன் கணக்கு.

மனிதருள் மிக உயர்ந்த புள்ளி மாக்னஸ் கார்ல்சன் 2014-இல் எட்டிய 2882 ஆகும். 'ஸ்டாக்பிஷ்' போன்ற முன்னணி நிரல்களுக்கோ 3600-ஐ ஒட்டிய எண்கள் தரப்படுகின்றன. கழித்துப் பார்த்தால் 700-க்கு மேல் வருகிறது. அப்படியானால், 100 ஆட்டங்களில் நிரலுக்கு 98 புள்ளி என்று முடிவு செய்துவிடலாமா?

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். மெட்ரிக் முறை வருவதற்கு முன் நம் ஊர்களில் படிக்குப் படி அளவு மாறுபட்டது. ஓரூர்ப் படியால் அளந்த நெல்லையும் வேற்றூர்ப் படியால் அளந்த நெல்லையும் எண்ணிக்கை பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தவறும். தரப்புள்ளியும் அத்தகையதே. மனிதர் பட்டியல் மனிதர் தமக்குள் ஆடியதால் அமைந்தது. நிரல்களின் பட்டியல் நிரல்கள் தமக்குள் ஆடியதால் அமைந்தது. ஒரே குழுவிற்குள் காணும் வேறுபாட்டிற்குத்தான் பொருள் உண்டு. இரு குழுவினரும் தம்முள் நிறைய ஆடினாலன்றி ஒரு பட்டியலின் எண்ணிலிருந்து மற்றதன் எண்ணைக் கழிப்பது கணிதமாகாது.

பின் எப்படி அளப்பது? வலியவர் சலுகை கொடுத்து ஆடுவது பழைய வழக்கம். 2016-இல் அமெரிக்கக் கிராண்ட்மாஸ்டர் நகமுராவுடன் 'கொமோடோ' என்னும் நிரல் அவ்வாறு நான்கு ஆட்டங்கள் ஆடியது. சிப்பாயைக் குறைத்துக்கொண்டும், மனிதருக்குச் சில நகர்த்தல்களை முன்கூட்டியே அளித்தும் அது ஆடியது. மூன்று ஆட்டங்கள் சமனாயின. ஒன்றில் நிரல் வென்றது. உலகின் முன்னணி வீரர் ஒருவர் சலுகை பெற்றும் வெல்ல இயலவில்லை என்பது, 3600 என்ற எண்ணைவிடத் தெளிவாக உண்மையை உணர்த்துகிறது.

வேகம் மட்டுமா?

கணிப்பொறியின் வெற்றி வெறும் வேகத்தின் வெற்றி என்று கருதுவோர் உண்டு. 2017-இல் வெளிவந்த 'ஆல்பாஸீரோ' அக்கருத்தை மாற்றியது. விதிகளை மட்டும் அறிந்து, தனக்குத்தானே ஆடிக் கற்ற அது, ஸ்டாக்பிஷுடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28-ஐ வென்றது; 72 சமனாயின; ஒன்றிலும் தோற்கவில்லை. வினாடிக்கு ஸ்டாக்பிஷ் 7 கோடி நிலைகளைப் பார்க்க, இது பார்த்ததோ 80 ஆயிரமே! எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற தேர்வையும் இயந்திரம் கற்றுக்கொண்டது.

மனிதனுக்கு எஞ்சியது

அப்படியானால் மனிதன் ஆடுவதில் பயன் என்ன? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். உலகப் பட்டத்திற்கான கடைசி ஆட்டத்தில், சமனை நோக்கிச் சென்ற நிலையில், டிங் லிரன் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். நம் சென்னையின் 18 வயது குகேஷ் அதைக் கண்டுகொண்டு வாகை சூடினார். கைப்பேசியில் உள்ள நிரல் அத்தவற்றைக் கணப்பொழுதில் காட்டிவிடும். ஆனால், பல மணி நேரம் போராடிக் களைத்த நிலையில், எவர் துணையுமின்றி அதைத் தாமே கண்டதில்தான் அவரது பெருமை அடங்கியிருக்கிறது.

சரியான விடை இருக்கும் இடத்தை இன்று எல்லோரும் அறிவோம். அதைப் பார்த்து எழுதுவது எளிது. அவ்விடை ஏன் சரியென்று உணர்வது அரிது. இயந்திரத்தை ஆசானாகக் கொள்பவன் வளர்வான். அதனிடம் தன் சிந்தனையையே ஒப்படைப்பவன் தேய்வான். இது சதுரங்கத்திற்கு மட்டுமன்றி, கல்லூரியில் பயிலும் நம் அனைவருக்கும் பொருந்தும் உண்மையாகும்.